பிரயாணத்தில் காமிரா

கேள்வி: ஸ்டூடியோவில் நாள் முழுதும் பிறர் முகங்களைப் படமெடுக்கும் நான், குடும்பத்தோடு உல்லாசப் பிரயாணம் போகும்போதாவது காமிராவைத் தொடக்கூடாது என்கிறாள் என் மனைவி. தங்கள் அபிப்பிராயம் என்ன?
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: கல்கத்தாவில் 1815-ல் பிறந்து, நாற்பத்தெட்டாம் வயதில் மகளும் மருமகனும் அன்பளிப்பாகத் தந்த காமிராவைக் கொண்டு உருவப்படக் கலையில் அழியாக் கீர்த்தி பெற்ற ஜூலியா மார்கரெட் காமெரான் அம்மையாருக்கு, வீடு வேறு, கலை வேறு என்ற பேதமே இருந்ததில்லை. வைட் தீவில் அவருடைய கோழிக்கூடம் படப்பிடிப்புக் கூடமாகவும், நிலக்கரி அறை இருட்டறையாகவும் மாறின. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசி, வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலர்வதற்குள் படமெடுத்துக் கழுவியாக வேண்டிய அவசரத்துக்கிடையிலும், சகோதரியின் மகள் ஜூலியா ஜாக்ஸனையும் வீட்டுப் பணிப்பெண்களையும் அசையாமல் நெடுநேரம் நிற்கவைத்து அவர் பதித்த முகங்களில், இன்றும் ஜீவகளை ததும்புகிறது. 1875-ல் கணவரோடு இலங்கையில் குடியேறி, புத்திரர்களின் அருகில் வாழ்ந்த காலத்திலும், களுத்துறைக்கு விருந்தினராக வந்த ஓவியர் மேரியான் நார்த்தையும், தோட்டத் தொழிலாளர்களையும் அவர் படமெடுத்தார்.

ஆகவே காமிராவைத் தாராளமாகக் கொண்டுபோங்கள். ஆனால் தங்கள் மனைவியாரின் மனத்தாங்கலிலும் நியாயம் உண்டு. எந்நேரமும் லென்ஸுக்குப் பின்னால் நிற்கிறவர், குழந்தைகள் அலையில் கால் நனைத்துக் கூச்சலிடும்போது அவர்களோடு இல்லை, பின்னர் ஆல்பத்திலும் இல்லை. 'முகவாயைச் சற்றே உயர்த்து' என்கிற ஸ்டூடியோக் கட்டளைகளை ஊரிலேயே விட்டுவிட்டு, பாதி வேளை காமிராவை அவர் கையில் கொடுங்கள்.