தெருவோர மழைநீரும் நீருயிர்களும்

நிலம், நீர், தீ, காற்று, தாவரம் ஆகியவற்றை உடலாகக் கொண்ட ஓரறிவுயிர்கள் உண்டு என்பது ஜின அறம். நீரை வடிகட்டிப் பருகுவதோடு அமையாது, வடிதுணியில் தங்கிய நுண்ணுயிர்களை எடுத்த நீர்நிலையிலேயே மீள விடுவதும் நம் முன்னோர் மரபு. குடத்து நீருக்கு இத்துணைக் கவனம் காட்டிய நாம், தெருவில் ஓடும் மழைநீர் எங்குச் சென்று சேர்கிறது என எண்ணியதுண்டோ?

நங்கநல்லூரை அடுத்த ஆதம்பாக்கம் ஏரியின் உபரிநீர் வீராங்கால் ஓடை வழியே பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை அடைகிறது. 2022இல் ராம்சர் உடன்படிக்கையின்கீழ் பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. பூநாரை முதலிய வலசைப் பறவைகள் அங்கு வந்து தங்குகின்றன. முதல் மழை சாலையைக் கழுவும்போது வண்டி எண்ணெய், டயர்த் துகள், சாணம், சாக்கடைக் கசிவு யாவும் வடிகாலில் இறங்குகின்றன. அவை ஓடையைச் சேர்ந்தால் துன்புறுவன நாம் காணாத உயிர்களே.

இதற்குப் பெரும் இயந்திரம் வேண்டுவதில்லை. முதலில் ஒரு குழியில் நீரைத் தேக்கினால் மண்ணும் கனமான துகள்களும் அடியில் படியும். பின்னர் அந்நீர் சரளைக்கல்லும் மணலும் நிரப்பிய படுகையில் மெல்ல ஊர வேண்டும். படுகைமேல் கல்வாழை, சம்பு, வெட்டிவேர் போன்றவற்றை நடுவர். தூய்மைப் பணியைச் செடியே முழுதும் செய்வதாகக் கருதுவோர் பலர், அது சரியன்று. கல்லிலும் வேரிலும் ஒட்டி வாழும் நுண்ணுயிர்களே அழுக்கைச் சிதைத்து உணவாக்கிக் கொள்கின்றன. செடி அவற்றிற்கு இருப்பிடம் தருகிறது. எஞ்சிய சத்துகளில் ஒரு பகுதியைத் தானும் உறிஞ்சுகிறது. நீர் கல்லுக்கு அடியிலேயே செல்வதால் கொசு முட்டையிட இடமில்லை. மருந்து தெளித்துக் கொல்லும் தேவையும் எழுவதில்லை. நமக்கு இது சிறு செய்தியன்று.

சென்னையில் ஜெமினி மேம்பாலத்தை அடுத்துள்ள லிட்டில் ஃப்ளவர் கான்வென்ட் பள்ளி பார்வையற்றோரும் செவித்திறன் அற்றோரும் பயிலும் இடம். நெதர்லாந்து அரசு 2018இல் தொடங்கிய நீர்த்திட்டத்தின் வழியாக உருவான ‘ஆயிரம் ஏரிகளின் நகரம்’ என்னும் முயற்சியின் முன்மாதிரி அங்கு அமைந்தது. வளாகத்தில் பெய்யும் மழையைச் சேர்த்து, கழிவுநீரைச் செடிப்படுகையில் தூய்மையாக்கி, நிலத்தடிக்கு அனுப்புகின்றனர். கொல்கத்தாவின் கிழக்கு ஈரநிலங்களோ, 12,500 ஹெக்டேர் பரப்பில், நகரக் கழிவுநீரை வெயிலாலும் பாசியாலும் தெளிவிக்கின்றன. அங்கு மீன் வளர்த்துப் பிடிப்பது நமக்கு உடன்பாடன்று. நீர் தெளியும் முறை மட்டும் கற்கத்தக்கது.

படுகை தோண்டுகையில் மண்ணுயிர்கள் மாளாவோ என வினவலாம். மாளும். இல்லறத்தார்க்கு முற்றிலும் தவிர்க்கவியலாத ஆரம்ப ஹிம்சை அது. ஆயினும் கோடையில், நிலம் காய்ந்திருக்கும்போது, சிறிய அளவில், பார்த்துப் பார்த்துத் தோண்டினால் அதனைக் குறைக்கலாம்.

தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டடங்களில் மழைநீர் சேகரிப்புக் கட்டாயம். கூரைநீரை, முதல் மழையை ஒதுக்கிவிட்டு, மணல் வடிப்பான் வழியே கிணற்றில் விடலாம். சாலைநீரை அவ்வாறு விடுதல் தகாது; அதில் கலந்த எண்ணெய் கிணற்றுநீரையே கெடுக்கும். அதற்குச் செடிப்படுகை வேண்டும். தெளிந்த பின்னரும் அதனைத் தோட்டத்திற்கும் தரை கழுவுதற்கும் கொள்ளலாமேயன்றி, பருகுதற்குக் கொள்ளலாகாது.