குடலுக்குள் நடக்கும் உணவுப் போட்டி

நுரையீரல் தொற்றுக்கோ சிறுநீர்த் தொற்றுக்கோ ஆன்டிபயாடிக் எடுத்துக்கொள்ளும் சிலருக்கு, காய்ச்சல் தணியும் வேளையில் வயிற்றுப்போக்கு தொடங்குகிறது. உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்றே குடும்பத்தார் பெரும்பாலும் எங்களிடம் கூறுகின்றனர். காரணம் அந்த மருந்தாகவே இருக்கக்கூடும்.

நமது பெருங்குடலில் பல லட்சம் கோடி பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. நம்மால் செரிக்க இயலாத நார்ச்சத்தையும், குடற்சுவரின் சளிப்படலத்திலிருந்து கிடைக்கும் சர்க்கரைகளையும் அவை உண்டு தீர்த்துவிடுகின்றன. புதிதாக நுழையும் தீய கிருமிக்கு மிச்சம் கிடைப்பது அரிது. அது பெருக வழியின்றி வெளியேறுகிறது.

இரும்புச்சத்துக்கும் இதே போட்டி உண்டு. முதல் உலகப் போரின்போது, உடனிருந்தோர் குடல் நோயால் வாடியும் தாம் நோயுறாதிருந்த ஒரு போர்வீரரின் மலத்திலிருந்து, ஜெர்மானிய மருத்துவர் ஆல்ஃபிரட் நிஸ்லே 1917இல் ஒரு வகை ஈ. கோலை பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். இரும்பைக் கவர்ந்துகொள்வதில் அது வல்லது. எலிகளில் நடந்த ஆய்வில், அந்தத் திறனாலேயே சால்மோனெல்லாவைப் பெருகவிடாமல் தடுத்தது. (ஈ. கோலை அனைத்துமே தீயவை என்று எண்ண வேண்டியதில்லை.)

ஆன்டிபயாடிக் நோய்க்கிருமியோடு குடலின் குடிகளையும் குறைத்துவிடுகிறது. உண்ண ஆளின்றிச் சர்க்கரைகளும் அமினோ அமிலங்களும் தேங்குகின்றன. இலை போட்டு ஆளில்லாத அந்தப் பந்தியில் வந்து அமர்வதுதான் கிளாஸ்ட்ரிடியோய்டிஸ் டிஃபிசில் என்னும் கிருமி. அதன் நச்சு பெருங்குடலைப் புண்ணாக்கும். முதியோருக்கு உயிராபத்தும் நேரலாம்.

ஆகவே, ஆன்டிபயாடிக் எடுக்கும் நாட்களிலோ, முடித்த சில வாரங்களுக்குள்ளோ, ஒரு நாளில் மூன்று முறையோ அதற்கு மேலோ நீராகக் கழிந்தால் எங்களுக்குத் தெரிவியுங்கள். காய்ச்சல், கடும் வயிற்றுவலி, மலத்தில் இரத்தம் இருப்பின் உடனே வாருங்கள். போக்கை நிறுத்தும் மாத்திரையைக் கடையில் நீங்களாக வாங்கித் தர வேண்டா. ஆன்டிபயாடிக்கை நீங்களாக நிறுத்தவும் வேண்டா. இந்நோய்க்கெனத் தனிப் பரிசோதனையும் மருந்தும் உள்ளன. நோயாளிக்குத் துணையிருப்போர் சோப்பிட்டுத் தண்ணீரில் கை கழுவுதல் இன்றியமையாதது. சானிடைசர் இக்கிருமியின் வித்துகளைக் கொல்வதில்லை.

தயிரும் மோரும் போதாவா என்று பலர் கேட்கின்றனர். அவை நல்லுணவே, மருத்துவர் விலக்கியிராவிடில் தாராளமாகத் தரலாம். ஆனால் அவற்றிலுள்ள பாக்டீரியாக்கள் பொதுவாகக் குடலில் நிலையாகத் தங்குவதில்லை. இழந்த குடிகளுக்கு ஈடாகா. புரோபயாடிக் மாத்திரைகளை நாங்கள் எல்லோருக்கும் பரிந்துரைப்பதில்லை. குறிப்பாக, கீமோதெரபி பெறுவோருக்கு எங்களைக் கேளாமல் அவற்றைக் கொடுத்துவிடாதீர்கள்.