நீதிபீடம் ஏறிய நங்கை

விவிலியத்தின் நீதித் தலைவர்கள் நூலில் தெபோரா என்னும் பெண்மணியைப் பற்றிப் படிக்கிறோம். அவர் பேரீச்ச மரத்தின் கீழ் அமர்ந்திருக்க, இஸ்ரயேல் மக்கள் தங்கள் வழக்குகளை அவரிடம் கொண்டுவந்தார்கள். அத்தனை பழங்காலத்திலேயே ஒரு பெண் நீதி வழங்கியிருக்கிறார்! ஆனால் அமெரிக்காவில் ஒரு மாநிலத்தின் உச்சநீதிமன்றத்திற்கு ஒரு பெண்ணை மக்கள் தேர்ந்தெடுக்க 1922ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தப் பெண்மணியே ஃபுளோரன்ஸ் ஆலன். அவருடைய வாழ்க்கையை இக்கட்டுரையில் காண்போம்.

இளமையும் இசையும்

ஆலன் 1884ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் நகரில் பிறந்தார். தந்தை கிரேக்கமும் இலத்தீனும் கற்றறிந்தவர்; அமெரிக்க நாடாளுமன்றத்தில் உறுப்பினராகவும் இருந்தவர். சிறுமி ஃபுளோரன்ஸின் கனவோ பியானோக் கலைஞராக வேண்டும் என்பதே. 1904இல் பட்டம் பெற்றதும் இசை பயில ஜெர்மனியின் பெர்லின் நகருக்குச் சென்றார். ஆனால் நரம்பில் ஏற்பட்ட பாதிப்பினால் மேடையில் வாசிக்கும் கனவு கலைந்தது.

அவர் சோர்ந்து அமரவில்லை. ஒஹாயோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகருக்குத் திரும்பி, ஒரு செய்தித்தாளில் இசை விமர்சனம் எழுதினார். அதனுடன் அரசியல் அறிவியலும் பயின்று 1908இல் முதுகலைப் பட்டம் பெற்றார். அப்போதுதான் சட்டத்தின்மீது அவருக்கு நாட்டம் பிறந்தது.

அடைபட்ட கதவுகள்

அவர் பட்டம் பெற்ற பல்கலைக்கழகத்திலேயே சட்டக் கல்லூரி இருந்தது. ஆனால் அங்கே பெண்களுக்கு இடமில்லை. எனவே சிகாகோ சென்று ஓராண்டு பயின்றார். பிறகு நியூயார்க் சென்று 1913இல் சட்டப் படிப்பை முடித்தார். 1914இல் ஒஹாயோவில் வழக்கறிஞரானார். பெண் வழக்கறிஞருக்கு வேலை கொடுக்க யாரும் முன்வராததால் தாமே ஓர் அலுவலகம் திறந்தார். ஏழைகளின் வழக்குகளை ஊதியமின்றி நடத்தினார்.

அக்காலத்தில் ஒஹாயோ பெண்களுக்கு வாக்குரிமை கிடையாது. அதற்காக ஆலன் ஊர் ஊராகச் சென்று பேசினார். ஈஸ்ட் கிளீவ்லாந்து நகரம் உள்ளாட்சித் தேர்தலில் பெண்களுக்கு வாக்குரிமை அளித்தது. அது செல்லுமா என்று வழக்கு எழுந்தது. ஆலன் மாநில உச்சநீதிமன்றத்தில் பெண்களுக்காக வாதாடி 1917இல் வெற்றி கண்டார். தாம் வாதாடிய அதே மன்றத்தில் ஒருநாள் நீதிபதியாக அமர்வோம் என்று அன்று அவர் நினைத்திருப்பாரா?

நீதிபதி ஆலன்

அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்திற்கும் ஓர் உச்சநீதிமன்றம் உண்டு. அது நம் உயர்நீதிமன்றத்திற்கு ஒப்பானது. பல மாநிலங்களில் நீதிபதிகளை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். 1920 ஆகஸ்டில் நாடெங்கும் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது. அதே ஆண்டு நவம்பரில் கிளீவ்லாந்து மாவட்ட நீதிமன்றத்திற்கு ஆலன் போட்டியிட்டு வென்றார்.

அங்கிருந்த ஆண் நீதிபதிகள், மணமுறிவு வழக்குகளை மட்டும் இவர் கவனிக்கலாம், பெண்ணுக்கு அதுவே பொருத்தம் என்றார்கள். ஆலன் மறுத்துவிட்டார். திருமணமே ஆகாத தம்மைவிடத் திருமணமானவர்களாகிய அவர்களே அதற்குத் தகுதியானவர்கள் என்பது அவருடைய பதில்! கடுமையான குற்ற வழக்குகளையும் மற்றவர்களைப் போலவே விசாரித்தார். நகர நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்த ஒருவர் பொய்ச்சாட்சி சொன்ன குற்றத்திற்காக இவர் முன் நிறுத்தப்பட்டார். பதவியைப் பார்க்காமல் அவருக்குச் சிறைத் தண்டனை விதித்தார் ஆலன்.

1922இல் ஒஹாயோ மக்கள் அவரை மாநில உச்சநீதிமன்றத்திற்கு அனுப்பினார்கள். பதவிக்காலம் ஆறு ஆண்டு. 1928இல் மீண்டும் தேர்ந்தெடுத்தார்கள். முதன்முறை புதுமைக்காக வாக்களித்தார்கள் என்று சொன்னாலும், இரண்டாம் முறை அவர் பணிக்காகவே வாக்களித்தார்கள் எனலாம்.

1934இல் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் அவரை நான்கு மாநிலங்களுக்கான மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நியமித்தார். இச்செய்தி கேட்டு அங்கிருந்த நீதிபதி ஒருவர் இரண்டு நாள் படுக்கையை விட்டு எழவில்லை என்பார்கள்! 1938இல் டென்னசி பள்ளத்தாக்குத் திட்டத்தை எதிர்த்து மின் நிறுவனங்கள் தொடுத்த வழக்கில், மூவர் குழுவிற்குத் தலைமை தாங்கிய ஆலன், திட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தார். நாம் புவியியலில் படிக்கும் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம், 1948இல் அத்திட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டு அமைந்ததே.

1958இல் அந்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியானார். மறு ஆண்டு முழுநேரப் பணியிலிருந்து விலகி, 1966 செப்டம்பர் 12ஆம் நாள் காலமானார். நாட்டின் உச்சநீதிமன்றப் பதவிக்கு அவர் பெயர் பேசப்பட்டும் கிடைக்கவில்லை. அங்கே முதல் பெண் நீதிபதி அமர்ந்தது 1981இல்தான்.

முடிவுரை

அன்புத் தோழியரே! ஆலனைத் தடுத்தவர்கள் இருவகையினர். ஒரு சாரார் கதவை அடைத்தார்கள். மறுசாரார் கதவைத் திறந்து, "நீ இந்த மூலையில் மட்டும் உட்கார்" என்றார்கள். முதல் தடை எல்லாருக்கும் தெரியும். இரண்டாவது அன்பைப் போலவே தோன்றுவதால் அதை மறுப்பது கடினம். ஆலன் இரண்டையும் கடந்தார். கோபத்தால் அல்ல, தம் உழைப்பால்.

பத்தாம் வகுப்பு முடித்து மேல்நிலை வகுப்பில் பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கும் நம்மிடமும், "பெண்ணுக்கு இது போதும்" என்று அன்போடு சொல்வார்கள். அப்போது பணிவோடும் உறுதியோடும் பதில் சொல்ல ஆலனின் வாழ்வு நமக்குக் கற்றுத் தருகிறது. பெற்றோரும் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். நமக்கு வேண்டுவது சலுகை அல்ல. மற்றவர்களுக்கு வைக்கும் அதே தராசுதான்.