டூல் இலவசம், உங்க நேரம் இலவசமில்லை: வெப் டிசைன் ஆபீஸுக்கு அக்காவின் 9 டிப்ஸ்

ஜார்ஜ் டவுன் கடைவீட்டு மாடியில நாலஞ்சு பேரா உட்கார்ந்து வெப்சைட் செய்யுற தம்பி தங்கச்சிகளே, கொஞ்சம் நிமிர்ந்து அக்காவைப் பாருங்க. லேப்டாப்பில இலவச டூல் ஒரு டஜன் திறந்து கிடக்கு. வேலை மட்டும் முடியல. ஏன்? கஸ்டமரோட லோகோ வாட்ஸ்அப்பில, விலைப்பட்டியல் இமெயில்ல, கடைசித் திருத்தம் லீவுல போனவர் போன்ல. தேடுறதிலேயே பாதி நாள் போயிடுது.

அதனால முதல் சட்டம்: ஒரு வேலைக்கு ஒரே டூல். புதுசு ஒண்ணு உள்ளே வந்தா, பழசு ஒண்ணு வெளியே போகணும். கீழே சொல்றது எல்லாத்தையும் காசு கட்டாமலே தொடங்கலாம். ஆனா இலவசத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அதையும் சேர்த்தே சொல்றேன், முழுசாப் படிங்க.

1. வேலைப் பலகைக்கு ட்ரெல்லோ

கஸ்டமருக்கு ஒரு பலகைன்னு திறக்காதீங்க. இலவசக் கணக்கில ஒரு பணியிடத்துக்கு 10 பலகைதான். பதினோராவது கஸ்டமர் வந்ததும் முழிப்பீங்க. ஆபீஸுக்கே ஒரு பலகை, கஸ்டமருக்கு ஒரு கார்டு. பத்தி அஞ்சு போதும்: வந்த வேலை, கஸ்டமர் தரணும், செய்யுறோம், கஸ்டமர் பார்க்கணும், முடிஞ்சது. இதுல ‘கஸ்டமர் தரணும்’ங்கிற பத்திதான் முக்கியம். வேலை தாமதமாகுறது பெரும்பாலும் உங்க கையால இல்ல, வராத படத்தாலயும் எழுத்தாலயும். திங்கள் காலையில அந்தப் பத்தியில நிக்குற எல்லாருக்கும் ஒரு நினைவூட்டல் அனுப்பிட்டுத்தான் காப்பி.

2. படமும் எழுத்தும் வாங்க கூகுள் டிரைவ்

வேலை உறுதியான அன்னிக்கே கஸ்டமர் பேர்ல ஒரு ஃபோல்டர் திறந்து லிங்க் அனுப்புங்க. உள்ளே ‘லோகோ’, ‘படம்’, ‘எழுத்து’ன்னு மூணு அறை. “நான் வாட்ஸ்அப்பிலயே அனுப்புறேனே”ன்னு அடம் பிடிக்கிற கஸ்டமர் இருப்பார். அவர்கிட்ட “டாக்குமெண்டா அனுப்புங்க”ன்னு சொல்லுங்க. சாதாரணப் படமா அனுப்பினா வாட்ஸ்அப் அதைச் சுருக்கிடும், முகப்புப் படமாப் போட்டா மங்கித் தெரியும். எல்லை: 15 ஜிபி, அதுவும் ஜிமெயிலும் போட்டோவும் பங்கு போட்டுக்கிற 15 ஜிபி. முடிஞ்ச வேலையை ஹார்ட் டிஸ்க்குக்கு மாத்திட்டு இடத்தைக் காலி பண்ணுங்க. ஒருத்தரோட சொந்த ஜிமெயில்ல ஆபீஸ் ஃபோல்டர் வேண்டவே வேண்டாம். அவர் வேலையை விட்டுப் போனா ஃபோல்டரும் கூடவே போயிடும்.

3. டிசைனுக்கு ஃபிக்மா, இல்லைன்னா பென்பாட்

ஃபிக்மா இலவசக் கணக்கில குழுவுக்கு மூணு டிசைன் கோப்புதான். ஒரே கோப்புக்குள்ளேயே பல டிசைனை வச்சுச் சமாளிக்கலாம். அது உங்களுக்கு ஒத்துவரலைன்னா பென்பாட் இருக்கு, திறந்த மூலம், பிரவுசரிலேயே ஓடும். ரெண்டையும் சேர்த்து வச்சுக்காதீங்க. ஃபோட்டோஷாப் கோப்பு வந்தா அதுக்காகச் சந்தா கட்டாதீங்க, போட்டோபீ பிரவுசரிலேயே திறந்து காட்டும். திருத்தம் எல்லாம் டிசைன் மேலேயே கமெண்டா வரணும்னு கஸ்டமருக்கு முதல் நாளே சொல்லுங்க. பட்டர்வொர்த் கஸ்டமருக்கு ஒரு பட்டனோட நிறத்தைக் காட்டப் பாலம் தாண்டிப் போறதை இன்னியோட நிறுத்துங்க. லூம்ல திரையைப் பதிவு பண்ணி லிங்க் அனுப்புங்க. இலவசத்தில ஒரு வீடியோ அஞ்சு நிமிஷம்தான். நல்லதுதான், நீங்களும் சுருக்கமாப் பேசக் கத்துக்குவீங்க.

4. தமிழ் எழுத்தைக் கடைசியில பார்க்காதீங்க

நம்ம ஊர்ல மலாய், இங்கிலீஷ், சீனம், தமிழ்னு நாலு மொழியில கேட்பாங்க. இங்கிலீஷ் எழுத்துருவை மட்டும் தேர்ந்தெடுத்துட்டுத் தமிழை ஒட்டினா, ஒவ்வொரு போனும் தன்கிட்ட இருக்கிற எழுத்தைக் காட்டும். பக்கம் ஆளுக்கொரு மாதிரி தெரியும். கூகுள் ஃபான்ட்ஸ்ல நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரான் எல்லாம் இலவசம். ஒண்ணை எடுத்து டிசைன் தொடங்கும்போதே போடுங்க. தமிழ் இடம் கூடுதலாப் பிடிக்கும், மெனு ரெண்டு வரியா உடையும். வரி இடைவெளியையும் கொஞ்சம் தாராளமா விடுங்க, இல்லைன்னா மேல் வரி எழுத்து கீழ் வரி எழுத்துல இடிக்கும். கோயில் அறிக்கை, பழைய அழைப்பிதழ் மாதிரி கோப்புகள் பாமினி போன்ற பழைய எழுத்துருவில வரும். அதை அப்படியே ஒட்டினா வெப்சைட்ல வெறும் கிறுக்கல்தான். இலவச யூனிகோட் மாற்றியில போட்டு எடுத்து, ஒருத்தர் முழுசாப் படிச்சுப் பார்க்கணும். மேக் வச்சிருக்கிறவங்க தட்டச்சுக்கு வெளியே தேட வேண்டாம். நம்ம நாட்டு முத்து நெடுமாறனோட அஞ்சல் விசைமுறை உள்ளேயே இருக்கு.

5. படத்தைச் சுருக்காம ஏத்தினா அக்காவுக்குக் கோபம் வரும்

சூலியா ஸ்ட்ரீட் பாரம்பரிய ஹோட்டல்காரர் கேமராப் படத்தை அப்படியே தருவார், ஒவ்வொண்ணும் பத்து எம்பி. ஒத்தைப் படத்துக்கு ஸ்குவூஷ். பிரவுசருக்குள்ளேயே சுருக்கும், படம் வெளியே போகாது. மொத்தமா இருந்தா டைனிபிஎன்ஜி. ஒரு தடவைக்கு 20 படம், ஒண்ணு 5 எம்பிக்குள்ள இருக்கணும். முதல்ல அகலத்தைக் குறைங்க, அப்புறம் சுருக்குங்க. 4000 பிக்சல் படத்தை 800 பிக்சல் கட்டத்துக்குள்ள போடுறது வீண்.

6. வேகமும் பார்வையும்: பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ், வேவ்

ஆபீஸ் வைஃபையில திறந்து பார்த்து “வேகமாத்தான் இருக்கு”ன்னு சொல்லாதீங்க. தைப்பூசத்தன்னிக்குத் தண்ணீர்மலைக் கூட்டத்துக்கு நடுவில நின்னு ஒருத்தர் சைவக் கடை தேடுவார், அவர் போன்ல திறக்கணும். பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ்ல மொபைல் பக்கத்தைப் பாருங்க. முதன்மைப் படமோ எழுத்தோ 2.5 விநாடிக்குள்ள தெரிஞ்சா நல்லதுங்கிறது கூகுளோட அளவு. 100 மார்க் வாங்கணும்னு ராத்திரி உட்காராதீங்க, கஸ்டமர் அதுக்குக் காசு தர மாட்டார். அடுத்து வேவ். எழுத்தும் பின்னணியும் பிரிஞ்சு தெரியுதான்னு சொல்லும். சாதாரண எழுத்துக்கு நிற மாறுபாடு 4.5க்கு 1 வேணும். மஞ்சள் மேல வெள்ளை எழுத்து எவ்வளவு மங்களகரமா இருந்தாலும் அப்பா வயசுக் கஸ்டமருக்குத் தெரியாது.

7. கோடுக்கு கிட்ஹப், முன்னோட்டத்துக்கு கிளவுட்ஃப்ளேர் பேஜஸ்

‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘இதுதான் ஃபைனல்’னு ஃபோல்டர் வைக்கிற பழக்கத்தை விடுங்க. கிட்ஹப்பில 2020லேருந்து குழுக்களுக்கும் தனிப்பட்ட களஞ்சியம் இலவசம், ஆள் கணக்கும் இல்ல. அதோட கிளவுட்ஃப்ளேர் பேஜஸை இணைச்சா, நிலையான பக்கங்களுக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு முன்னோட்ட லிங்க் தானா வரும். மாசத்துக்கு 500 தடவை. சின்ன ஆபீஸுக்கு அது தாராளம். எச்சரிக்கை: வெர்செல்லோட இலவசத் திட்டம் வணிகமில்லாத சொந்த உபயோகத்துக்கு மட்டும். கஸ்டமர் கடையை அதுல வைக்காதீங்க. வேர்ட்பிரஸ்ல வேலை செய்யும்போது தேடுபொறியைத் தடுக்க டிக் போட்டிருப்பீங்க. திறப்பு நாளன்னிக்கு அதை எடுக்க மறந்தா, கஸ்டமர் ஒரு மாசம் கழிச்சு “கூகுள்ல என் கடையே வரலையே”ன்னு வந்து நிப்பார்.

8. பாஸ்வேர்டும் டொமைனும்

பாஸ்வேர்டை வாட்ஸ்அப் குரூப்பில போடாதீங்க. எக்செல் ஷீட்டிலயும் வேண்டாம். பிட்வார்டன் இலவசக் கணக்கில எத்தனை பாஸ்வேர்டும் வைக்கலாம், போன்லயும் கம்ப்யூட்டர்லயும் திறக்கலாம். ஆனா இலவசத்தில பகிர்ந்துக்க ரெண்டு பேர்தான். யார் அந்த ரெண்டு பேர்னு முதலாளி முடிவு பண்ணட்டும். டொமைன் எப்பவும் கஸ்டமர் பேர்ல இருக்கணும். .காம்.மை பேர் வேணும்னா வணிகப் பதிவு கேட்பாங்க, அதனால அவரோட எஸ்எஸ்எம் பதிவு எண்ணை முதல் வாரத்திலேயே வாங்கி வைங்க. டொமைனைப் பிடிச்சு வச்சு கஸ்டமரைக் கட்டிப்போடுற புத்தி வேண்டாம். ஊர் சின்னது, பேச்சு பரவும்.

9. நேரக் கணக்கும் பில்லும்

டாகில் ட்ராக் அஞ்சு பேர் வரைக்கும் இலவசம். ஒரு மாசம் மட்டும் ஒழுங்கா அழுத்திப் பாருங்க. “சின்னத் திருத்தம்தானே”ன்னு இலவசமாச் செஞ்சது எவ்வளவு மணி நேரம்னு தெரிஞ்சா, அடுத்த கோட்டேஷன்ல ‘திருத்தம் ரெண்டு சுற்று வரை’ன்னு நீங்களே எழுதுவீங்க. பில்லுக்கு ஸோஹோ இன்வாய்ஸ் இலவசம். மின்விலைப்பட்டியலுக்கு வருமான வரி வாரியத்தோட மைஇன்வாய்ஸ் தளமும் இலவசம். 2024 ஆகஸ்ட் 1ல ஆண்டு விற்பனை 10 கோடி வெள்ளிக்கு மேல உள்ள நிறுவனங்கள்ல தொடங்கின மின்விலைப்பட்டியல் கட்டாயம் படிப்படியா இறங்கி வந்திருக்கு. நீங்க எந்தக் கட்டம்னு கணக்காளர்கிட்ட கேளுங்க. உங்க வரி எண்ணைக் கையில வைங்க, பெரிய கஸ்டமர் கேட்பார்.

இதையெல்லாம் தொடவே கூடாது:

• கூகுள்ல தேடி எடுத்த படம். கண்ணுக்குத் தெரியுறது எல்லாம் இலவசம் இல்ல. அன்ஸ்பிளாஷ், பெக்ஸல்ஸ்ல எடுங்க. நாசி கண்டார் கடைக்கு மட்டும் நேர்ல போய்ப் படம் பிடிங்க. வேற ஊர்க் குழம்பைப் போட்டா பினாங்குக்காரங்க உடனே கண்டுபிடிச்சுடுவாங்க.
• தொடர்புப் படிவத்தில ஐசி நம்பர். எதுக்கு அது? 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு. தகவல் வாங்கினா அறிவிப்பு மலாயிலயும் இங்கிலீஷிலயும் இருக்கணும். தேவையில்லாததைக் கேட்காதீங்க.
• இலவச ஏஐ டூலுக்குள்ள கஸ்டமரோட ஆள் பட்டியல், போன் நம்பர். மெஷின் மொழிபெயர்ப்பையும் தமிழ் தெரிஞ்ச ஒருத்தர் படிக்காம ஏத்தாதீங்க.
• ‘14 நாள் இலவசம்’னு சொல்லி கிரெடிட் கார்டு கேட்கிற டூல். பதினஞ்சாவது நாள் உங்களுக்கு ஞாபகம் இருக்காது, அவங்களுக்கு இருக்கும்.

ஒன்பதையும் இந்த வாரமே தொடங்காதீங்க, ஆபீஸ் தலைகீழாகிடும். முதல் வாரம் பலகையும் ஃபோல்டரும். அடுத்த வாரம் பாஸ்வேர்டு. மத்தது அடுத்த புது கஸ்டமர் வரும்போது அவர் வேலையிலேயே பழகுங்க. இலவசத் திட்டங்களோட எல்லை அப்பப்போ மாறும், அதனால வருஷம் ரெண்டு தடவை விலைப் பக்கத்தைப் பார்க்குற பொறுப்பை ஒருத்தர் பேர்ல எழுதி வைங்க. எந்த டூல் மாசாமாசம் உங்களுக்கு ஒரு முழு நாளை மிச்சப்படுத்துதோ, அதுக்குக் காசு கட்டுங்க. அங்கே மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீங்க!