மீன் எதைத் தின்றது?

பாலராமபுரம் சந்தையில் பூவாற்று மீன் வாங்கி வந்தால் என் பேரன் கேட்பான்: "தாத்தா, இது என்ன தின்னு வளர்ந்தது?" வயிற்றைக் கீறினால் கடைசி வேளைச் சாப்பாடுதான் தெரியும், அதுவும் பாதி செரித்த கூழாக இருக்கும். பல வாரச் சாப்பாட்டின் கணக்கு சதையில் இருக்கிறது. அதைப் படிக்கும் வழி, நிலையான ஐசோடோப்புகள்.

ஒரே தனிமத்தில் எடை மாறுபடும் அணுக்களே ஐசோடோப்புகள். கார்பன் அணுக்களில் சுமார் 1.1 சதவீதம் எடை 13, மற்றவை 12. நைட்ரஜனில் எடை 15 உள்ளவை 0.37 சதவீதமே. இவற்றில் கதிரியக்கம் கிடையாது. உலர்த்திப் பொடித்த சதையை எரித்து, வரும் வாயுவை மின்னேற்றிக் காந்தத்தின் வழியே விடுவார்கள். இலேசான துகள் அதிகம் வளையும், கனமானது குறைவாக வளையும். தண்டவாள வளைவுகளோடு காலம் கழித்த எனக்கு இது உடனே பிடித்துவிட்டது.

விடையை ஒரு பொது அளவோடு ஒப்பிட்டு ஆயிரத்துக்கு இவ்வளவு என்று எழுதுவார்கள். கார்பன், உணவு எந்தச் செடியில் தொடங்கியது என்று காட்டும். தின்ற உயிரில் அது அதிகம் மாறுவதில்லை. அலையாத்தி இலையில் சுமார் −28, கடல் மிதவைப் பாசியில் −21 அளவில் இருக்கும். நைட்ரஜனோ படிக்குப் படி ஏறும், சுமார் 3.4 வீதம். பாசி 5 என்றால், அதைத் தின்னும் இறால் 8.4, இறாலைத் தின்னும் மீன் 11.8.

இதனால் ஒரு பழைய நம்பிக்கை ஆட்டம் கண்டது. அலையாத்திக் காட்டில் உதிரும் இலையே கழிமுக உயிர்களுக்கு முதல் உணவு என்று, புளோரிடாவில் நடந்த ஆய்வுகளை வைத்து 1970-களில் பரவலாகச் சொன்னார்கள். கோதாவரி முகத்துவாரத்தில், காக்கிநாடாவை அடுத்த கோரிங்காவில், பெல்ஜிய ஆய்வாளர் ஸ்டீவன் பூயோனும் இந்திய ஆய்வாளர்களும் அளந்து 2000, 2002 ஆண்டுகளில் முடிவுகளை வெளியிட்டார்கள். இலையை முக்கிய உணவாகக் கொண்டவை ஒரு சில இனங்களே. மிதவை உயிரிகள் கலங்கல் நீரிலும் பாசியைத் தேர்ந்து தின்றன.

அப்படியானால் காட்டை வெட்டலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். வேர்களின் இடுக்கில் குஞ்சுகள் ஒளிந்து பிழைப்பதை இந்த எண்கள் மறுக்கவில்லையே!

ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாக்கடை கலந்த நீரில் பாசியிலேயே கனமான நைட்ரஜன் கூடிவிடுவது உண்டு. அடியில் பாசியை அளக்காமல் மீனை மட்டும் அளந்தால், பாசி தின்னும் மீனும் வேட்டை மீன் போலத் தெரியும்.