பனி நீரும் ஏரி நீரும்

இமயமலையில் குளிர்காலத்தில் விழும் பனி உறைந்து அங்கேயே தங்குகிறது. சித்திரை, வைகாசி மாதங்களில் வெயில் ஏற ஏற அது உருகி, சிந்து, கங்கை முதலிய நதிகளில் ஜலமாக இறங்குகிறது. புதிதாய் விழுந்த பனி 10 அங்குலம் உருகினால் சுமார் 1 அங்குல நீரே கிடைக்கும். ஆயினும் அந்நீர் ஒரே நாளில் வராமல் பல வாரங்கள் பகிர்ந்து வருவதே அதன் நன்மையாகும். அங்கே மலையே நீர்க் களஞ்சியம்.

திருவள்ளூர் ஜில்லாவில் அத்தகைய மலை இல்லை. வருஷ மழையில் பாதிக்கு மேற்பட்டது வடகிழக்குப் பருவத்தில் சில நாட்களிலேயே கொட்டிவிடுகிறது. 1 ஏக்கர் நிலத்தில் 1 அங்குல மழை பெய்தால் அது 1,02,000 லிட்டருக்கு மேற்பட்ட நீராகும். காய்ந்த பூமி முதல் மழையை உறிஞ்சிக்கொள்ளும். நனைந்து ஊறிய பூமியோ பெரும்பகுதியை ஓடவிடும். ஆதலால் நமக்கு ஏரியே களஞ்சியம்.

ஓடும் நீர் எங்கே செல்கிறது? கொசஸ்தலையாற்றின் குறுக்கே 1944-ல் பூண்டி நீர்த்தேக்கம் கட்டி முடிக்கப்பட்டது. அதன் கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. அது நிரம்பினால் மிகுதி நீரை ஆற்றில் விட்டே ஆகவேண்டும். அந்நீர் தாமரைப்பாக்கம், வல்லூர் அணைக்கட்டுகளைக் கடந்து, தாழ்ந்த பூமியாகிய மணலி புதுநகரின் அருகே சென்று எண்ணூர்க் கழிமுகத்தில் கடலைச் சேர்கிறது. கடல் ஏற்றத்தின்போது நீர் வடிவது தாமதப்படும். 2021 நவம்பரில் மணலி புதுநகர் வீதிகளில் இவ்வெள்ளம் புகுந்தது. மேட்டு நிலத்தார் விடும் நீரைப் பள்ளத்தார் தாங்க நேர்ந்தது.

நிரம்பிய ஏரி புது மழையை முழுதும் தேக்காது என்பது உண்மையே. எனினும் நல்ல ஏரி கலங்கின் வழியே நீரை மெல்ல விடும். உடைந்த ஏரி மொத்தமாக விடும். ஆகவே அங்கத்தினர்கள் புரட்டாசி முடியுமுன் கவனிக்கவேண்டியவை:

1. வரத்துக்காலிலும் போக்குக்காலிலும் உள்ள செடிகொடிகளை அகற்றுதல்.
2. கரையில் எலிவளை, விரிசல், நீர்க்கசிவு உளவா எனப் பார்த்து அதிகாரிகளுக்கு எழுத்து மூலம் தெரிவித்தல்.
3. கலங்கின்மேல் மணல் மூட்டை அடுக்கி நீரை உயர்த்தாதிருத்தல். இதனால் கரை உடைய ஏதுவாகும்.
4. ஏரி உள்வாயில் பயிரிடவும் வீடு கட்டவும் இடங்கொடாதிருத்தல்.

சங்கக் கூட்டத்தில் விவாதிக்க வேண்டிய வினாக்கள்:

(அ) நமது ஏரியின் மிகுதி நீர் எந்த ஊர் வழியாகக் கடலுக்குச் செல்கிறது?
(ஆ) கலங்கு வழிந்தோடத் தொடங்கினால் அவ்வூராருக்கு முன்னதாகத் தகவல் சொல்லும் பொறுப்பு நம்மில் யாருடையது?