ரசீது வேறு, பைசல் பத்திரம் வேறு

வியாபார அன்பர்களுக்கு ஒரு சிறு பாடம்.

நம் கடைகளில் தினமும் இரண்டுவிதக் காகிதம் எழுதுகிறோம். பாக்கிக்காரர் நூறு வெள்ளி கட்டினால், நூறு வெள்ளிக்கு ரசீது கொடுக்கிறோம். மீதிப் பாக்கி ஏட்டில் நிற்கிறது. அவரே முழுவதும் தீர்க்க வந்தால், "கணக்குப் பைசல், இனிப் பாக்கி இல்லை" என்று எழுதிக் கையொப்பமிடுகிறோம். பிறகு, ஏற்றாமல் விட்ட பற்று ஒன்று நினைவுக்கு வந்தாலும் கேட்க வாயில்லை. இந்த வித்தியாசத்தை யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் கார் விபத்துக்குப் பின் இன்ஷூரன்ஸ் கம்பெனி நீட்டும் காகிதத்தில் அதை மறந்துவிடுகிறோம். நாமே மறந்தோம்.

சில வருஷங்களுக்கு முன் பட்டர்வொர்த்திலிருந்து சுங்கைப்பட்டாணிக்குச் சரக்கு கொண்டுபோனோம். மச்சானும் வேனில் இருந்தார். சிவப்பு விளக்குக்கு நின்றபோது பின்னால் வந்த கார் மோதியது. பின்கதவு நசுங்கியது. மச்சானுக்கு முழங்காலில் அடி. நமக்குக் கழுத்தில் சிறு பிடிப்பு மட்டுமே. தைலம் தேய்த்துக்கொண்டு கடை திறந்தோம்.

பன்னிரண்டாம் நாள் எதிர்க்கார் இன்ஷூரன்ஸ் சார்பில் ஒருவர் 2,400 வெள்ளிச் செக்கோடு வந்தார். கடையில் நல்ல கூட்டம். "ரிப்பேர் பணத்துக்கு ரசீதுதான் பாய், போட்டுக் கொடுங்கள்" என்றார். ஆங்கிலக் காகிதம். வாசிக்கவில்லை, போட்டுக் கொடுத்தோம்.

ஒரு மாதம் கழித்து வலது கையால் அரிசி மூட்டையைத் தூக்க முடியவில்லை. கழுத்தெலும்பின் இடைத்தட்டு விலகியிருப்பதாக டாக்டர் சொன்னார். நாலு மாதம் கூலிக்கு ஆள் வைத்துக் கடை நடந்தது. காகித நகலோடு லாயரிடம் போனோம். அவர் கேட்டது ஒன்றே: "வாசித்தீர்களா?"

அதில் இருந்தது இதுதான்: அந்த விபத்தால் உண்டான, இப்போது தெரிந்ததும் பின்னால் தெரியவருவதுமான சகல கோரிக்கைகளையும், வண்டிக்கானாலும் உடம்புக்கானாலும், இத்தொகையோடு முடிவாகத் தீர்த்துக்கொண்டோம், ஓட்டியவர், வண்டிச் சொந்தக்காரர், கம்பெனி எல்லாரையும் விடுவித்தோம். ரசீது என்று நினைத்தது பைசல் பத்திரம்! மச்சான் அன்று கடையில் இல்லை, கையொப்பமிடவில்லை. ஆகவே அவருக்கு வழி திறந்திருந்தது; முழங்காலுக்கு நஷ்டஈடு பெற்றார். ஒரே வேன், ஒரே மோதல். கையொப்பம் ஒன்றுதான் வித்தியாசம்.

இனிச் சட்டம். கையொப்பமிட்டவர் வாசிக்காவிட்டாலும் பத்திரம் அவரைக் கட்டும் என்பதே பொது விதி. மோசடி, பலவந்தம், தவறான தகவல் இவற்றால் பெற்ற சம்மதத்தை ரத்துச் செய்யக் கேட்க மலேசியாவின் 1950-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் அதே சட்டம் சொல்வதையும் கேளுங்கள்: தவறான தகவல் என்று வழக்காடுபவர் சாதாரணக் கவனம் செலுத்தியிருந்தால் உண்மையை அறிந்திருக்கலாம் என்றால், அந்த வாதம் நிற்காது. காகிதம் நம் கையிலேயே இருந்தது. வாசிக்கத் தெரிந்தவரிடம் காட்டியிருக்கலாம். என்ன சொல்லித் தப்புவது?

அவசரப்பட்டதற்கும் நியாயமில்லை. தீபகற்ப மலேசியாவில் இப்படிப்பட்ட விபத்துக் காயத்துக்கு வழக்குத் தொடரப் பொதுவாக 6 வருஷம் உண்டு. சிங்கப்பூரில் உடற்காயத்துக்கு 3 வருஷம். விபத்தில் மரணம் நேர்ந்து குடும்பத்தார் கேட்பதானால் மலேசியாவிலும் 3 வருஷமே. பன்னிரண்டாம் நாளிலே முடிக்கவேண்டிய கட்டாயம் நமக்கில்லை.

ஆகவே நாம் செய்யவேண்டியவை:

1. மலேசியாவில் 24 மணி நேரத்துக்குள் போலீஸ் ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். நம்முடைய இன்ஷூரன்ஸுக்கும் உடனே தெரிவிக்க வேண்டும்.

2. வலி சிறிதானாலும் அன்றே டாக்டரிடம் காட்டிச் சீட்டு வாங்க வேண்டும். கழுத்து வலி மறுநாளோ அதற்குப் பிறகோ தலைகாட்டுவதுண்டு.

3. காகிதம் வந்தால் கல்லாவில் நின்று கையொப்பமிடக் கூடாது. "வைத்துவிட்டுப் போங்கள், பார்த்துச் சொல்கிறோம்" என்று சொல்ல வேண்டும்.

4. மூன்றைத் தேடிப் பார்க்க வேண்டும்: யார் யாரை விடுவிக்கிறோம், எந்த நஷ்டத்துக்கு, எவ்வளவு தொகைக்கு. தொகையை எழுதாமல் காலியாக விட்ட இடத்தின் கீழ் ஒருநாளும் கையொப்பம் கூடாது.

5. ரிப்பேர் பணம் மட்டும் என்றால், "வண்டி நஷ்டத்துக்கு மட்டும், உடற்காயக் கோரிக்கை இதில் சேராது" என்று பத்திரத்திலேயே எழுதச் சொல்ல வேண்டும். வாய்ச்சொல் போதாது. எழுத மறுத்தால், அது ரசீதல்ல என்று புரிந்துகொள்ளலாம்.

6. காயம் ஆறி, டாக்டர் முடிவு சொன்ன பிறகே உடம்புக் கணக்கைப் பைசல் செய்ய வேண்டும். பெருங்காயமானால் லாயரைக் கேட்காமல் வேண்டாம்.

பைசல் செய்வது தப்பல்ல. நியாயமான தொகை வந்தால், வழக்கு வம்பில்லாமல் முடித்துக்கொள்வது நல்லதே. ஆனால் வரவேண்டிய பாக்கி எவ்வளவு என்று கூட்டிப் பார்க்காமல் எந்த வியாபாரி ஏட்டை மூடுவான்? நமது வலது தோள் இன்றும் மழைநாளில் இதைக் கேட்கிறது. உங்கள் தோளுக்கு அந்தக் கேள்வி வேண்டாம் என்றே இதை எழுதினோம்.